மந்தரக் குரலும் மக்கள் இசையும்

ஒலி தாழ்ந்தும், நடுநின்றும், உயர்ந்தும் இயங்கும் மூன்று நிலைகளுக்கும் பண்டைத் தமிழர் பெயரிட்டு வழங்கினர். தாழ்ந்த நிலையை மெலிவு என்றனர். இடைப்பட்ட நிலையைச் சமன் என்றனர். உயர்ந்த நிலையை வலிவு என்றனர். மந்தரம், மத்தியம், தாரம் என்று இசைவாணர் கூறும் மூன்று ஸ்தாயிகளும் இவையே. இப்பெயர்களைச் சிறிது எண்ணிப் பாருங்கள். மேலே ஏறும் ஒலிக்கு வலிவு என்று பெயர். கீழே இறங்கும் ஒலிக்கு மெலிவு என்று பெயர்.

மக்கள் விரும்பிக் கேட்ட குரல்களும் பெரும்பாலும் மேலே ஏறிய குரல்களே. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவர் செவியிலும் பாட்டு விழுதல் வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தபோது அவருக்கு வயது 27. அக்குறுகிய வாழ்நாளிலேயே அவர் தமிழ்நாட்டைத் தம் வயமாக்கியது, தார ஸ்தாயியில் தங்குதடையின்றி உலாவிய குரலால் அன்றோ? பாடகர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், 'எத்தனை கட்டை?' என்று கேட்பது ரசிகர் வழக்கம். கட்டை ஏற ஏற மதிப்பும் ஏறியது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஏறிய குரலைப் பற்றியன்று. இறங்கிய குரலைப் பற்றி. மேலை நாட்டார் அதனைப் பாஸ் என்பர். சாஸ்திரிய சங்கீத மேடைகளையும், ஆப்பெரா என்னும் இசை நாடகத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, சாதாரண மக்கள் பாடியும் கேட்டும் வந்த இசையில் இக்குரல் எங்கே நின்றது, என்ன செய்தது என்பதைக் காண்போம். நெடுங்காலம் பிற குரல்களைத் தாங்கி நின்ற இந்த மெலிவு, ஒரு கட்டத்தில் முன்னே வந்து நின்றபோது, வலிவு என்று எதனைச் சொல்கிறோமோ அதற்கே புதுப் பொருள் உண்டாயிற்று என்பது என் கருத்து.

முதலில் குரலின் இயல்பைச் சிறிது பார்ப்போம். நம் மிடற்றில் குரல் நாண்கள் இரண்டு இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரச் செய்கிறது. வளர்ந்த ஆடவரிடம் அந்நாண்கள் ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம் உள்ளவை. மகளிரிடம் அதனினும் குறுகியவை. வீணையில் நீண்டு தடித்த தந்தி தாழ்ந்த சுரத்தைத் தருவது போலவே, நீண்டு தடித்த நாண் தாழ்ந்த குரலைத் தருகிறது. தொண்டையும் வாயும் சேர்ந்த குழல் நீண்டிருந்தால், அக்குரலுக்குக் கருமையும் கனமும் சேர்கின்றன.

எவ்வளவு தாழ்ந்தது என்று கேட்கலாம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவரின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் வினாடிக்கு ஏறத்தாழ 130 அதிர்வுகள் உடையது. அவர் மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு இறங்கினால் 98 அதிர்வுகள். நம்மில் பலருக்கு அங்கேயே குரல் காற்றாகிவிடும். பாஸ் குரலோ அதனையும் கடந்து 82 அதிர்வுகள் வரை எளிதாக இறங்கும். அது மந்தர ஸ்தாயிக் காந்தாரம். அதற்கும் கீழே, 65 அதிர்வுகள் உடைய மந்தர ஷட்ஜத்தைத் தொடுவோரும் உண்டு. அவர் மிகச் சிலர்.

இத்தகைய குரல் மக்கள் இசையில் முன்வரிசைக்கு வராமற் போனதற்குக் காரணங்கள் உள. மனிதச் செவி எல்லா ஒலிகளையும் ஒன்றாக மதிப்பதில்லை. மிகத் தாழ்ந்த ஒலியைவிட இடைப்பட்ட ஒலியும் உயர்ந்த ஒலியும் நம் செவியில் எளிதாக உறைக்கின்றன. ஆகவே, திறந்த வெளியிலும் கூட்டத்தின் நடுவிலும் பாடும்போது மேற்குரல் எட்டும் தொலைவுக்குத் தாழ்ந்த குரல் எட்டுவது கடினம். பழைய இசைத்தட்டு முறையும் அதற்கு உதவவில்லை. பெரிய கூம்புக்குழாய் ஒன்றின் முன் நின்று பாடி, அக்காற்றின் அதிர்வாலேயே ஊசியை அசையச் செய்த காலத்தில், தாழ்ந்த ஒலிகளிற் பெரும்பகுதி தட்டில் பதியவேயில்லை.

எனினும், தாழ்ந்த குரலுக்கென ஓர் இடத்தை ஒதுக்கி வைத்த இசை மரபு ஒன்று உண்டு. ஒரே பாட்டை நால்வர் நான்கு நிலைகளில் ஒருங்கே பாடும் மரபு அது. ஒருவர் பாட்டின் மெட்டைப் பாட, மற்றவர் அதற்கு இயைந்த சுரங்களை மேலும் கீழும் நின்று பாடுவர். அடித்தளத்தில் நிற்பவர் பாஸ். கட்டடத்தைப் பார்ப்பவர் கோபுரத்தைப் பார்ப்பர். அடிப்படையைத் தோண்டிப் பார்ப்பவர் இலர். அவ்வாறே, அந்நால்வரில் யாருடைய குரலைக் கேட்டீர்கள் என்றால் மெட்டைப் பாடியவரையே கூறுவோம். ஆனால் பாஸ் குரல் நின்றுவிட்டால், ஏதோ ஒன்று கழன்று விழுந்தது போலத் தோன்றும்.

இம்மரபை ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தமக்கே உரியதாக்கிக் கொண்டனர். அவர்களுடைய முன்னோர் அடிமைகளாய்ப் பருத்தி வயல்களில் உழைத்தவர். அவ்வுழைப்பினிடையே பிறந்த பக்திப் பாடல்களை ஸ்பிரிச்சுவல் என்பர். அடிமை முறை ஒழிந்து ஆறாண்டுகள் சென்றபின், 1871இல், நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் கல்லூரியைச் சேர்ந்த மாணவர் ஒன்பதின்மர், கல்லூரிக்குப் பொருள் திரட்டும் பொருட்டு ஊர் ஊராய்ப் பாடச் சென்றனர். ஃபிஸ்க் ஜூபிலிப் பாடகர் என்பது அக்குழுவின் பெயர். அவர்களிற் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். 1873இல் விக்டோரியா அரசியார் முன்னிலையிலும் அவர்கள் பாடினர்.

அக்குழுவில் 1875இல் வந்து சேர்ந்தவர் ஃபிரடரிக் லவுடின். அவர் பாஸ் பாடகர். பின்னர் அவரே குழுவொன்றுக்குத் தலைவராகி, 1884 முதல் 1890 வரை உலகைச் சுற்றி வந்தார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பர்மா, ஜப்பான் ஆகிய நாடுகளோடு நம் இந்தியாவுக்கும் அக்குழு வந்தது. அடிமைகளின் பாட்டை, அந்நாளில் அயலார் ஆட்சியில் இருந்த ஒரு நாட்டு மக்கள் கேட்டனர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

அடுத்து வந்த நூற்றாண்டில் இந்நால்வர் இசை, கோயிலினின்றும் வெளிப்பட்டு வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் வந்தது. ஒஹையோ மாநிலத்தின் பிக்குவா என்னும் சிற்றூரைச் சேர்ந்த மில்ஸ் சகோதரர் நால்வர் 1930ஐ அடுத்த ஆண்டுகளில் பெரும்புகழ் பெற்றனர். ஊதுகருவிகளின் ஒலியைக் குரலாலேயே எழுப்புவது அவர்களின் தனித்திறம். மூத்தவரான ஜான், டியூபா என்னும் பெரிய குழலின் தாழ்ந்த ஒலியைத் தம் பாஸ் குரலால் எழுப்புவார். கேட்டவர் நம்பமாட்டார் என்பதற்காக, ஒரு கித்தாரைத் தவிர வேறு கருவி எதுவும் இதில் இல்லை என்று இசைத்தட்டின் மேலேயே அச்சிட்டனர். 1936இல் அந்த ஜான் இளவயதில் காலமானார். பாஸ் இல்லாமல் குழு நிற்காது. மகன் நின்ற இடத்தில் தந்தையே வந்து நின்று பாடினார்! பல்லாண்டுகள் அவர் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. அடித்தளம் என்றால் என்ன என்பதை இதனினும் விளங்கக் கூறுதல் அரிது.

இங்க் ஸ்பாட்ஸ் என்னும் மற்றொரு குழுவினர் வேறொரு முறையைக் கையாண்டனர். மேற்குரலில் ஒருவர் காதற் பாட்டொன்றை உருகிப் பாடி முடிப்பார். உடனே பாஸ் குரலினரான ஆர்வில் ஜோன்ஸ் அதே சொற்களைப் பாடாமல், பேச்சாகவே, தாழ்ந்த குரலில் மெல்லச் சொல்வார். 1939இல் வந்த அவர்களுடைய இசைத்தட்டு ஒன்றால் இம்முறை நாடெங்கும் பரவியது. பிற்காலத்தில், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், டெட்ராய்ட் நகரத்து டெம்ப்டேஷன்ஸ் குழுவில் மெல்வின் ஃபிராங்ளின் பாஸ் பாடி, அக்குழுவின் ஐவரில் தம் குரலாலேயே அடையாளம் காணப்பட்டார்.

இவர்களெல்லாம் புகழ் பெற்றவரே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டின் உள்ளத்தைச் சொல்லும் பொறுப்பு மேற்குரலுக்கே இருந்தது. தாழ்ந்த குரல் தாளத்தைத் தாங்கியது. கருவிக்கு மாற்றாக நின்றது. சில வேளை வேடிக்கைக்கும் பயன்பட்டது. வில்லனுக்கும் பூதத்துக்கும் கனத்த குரலைக் கொடுக்கும் வழக்கம் எல்லா நாட்டு மேடைகளிலும் உண்டல்லவா? ஒரு மனிதன் தன் மக்களின் துயரத்தையும் நம்பிக்கையையும் மந்தரக் குரலிலேயே எடுத்துரைக்க முடியும் என்பதை உலகறியச் செய்தவர் ஒருவர். அவர் பெயர் பால் ராப்சன்.

ராப்சன் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அடிமையாய்ப் பிறந்து, இளமையிலேயே தப்பியோடி, கல்வி கற்றுப் பாதிரியாரானவர். மகன் ரட்கர்ஸ் கல்லூரியில் படிப்பிலும் காற்பந்திலும் முதன்மை பெற்றார். 1923இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணிக்கு அமர்ந்தபோது, கறுப்பர் ஒருவர் சொல்ல நான் சுருக்கெழுத்து எழுதுவதா என்று அங்கிருந்த பணியாளர் மறுத்துவிட்டார். ராப்சன் சட்டத்துறையை விட்டு மேடையை நாடினார்.

1925ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், நியூயார்க் நகரின் சிறிய அரங்கு ஒன்றில், லாரன்ஸ் பிரவுன் பியானோ வாசிக்க, ராப்சன் முழுநேரக் கச்சேரி ஒன்று செய்தார். பாடியவை யாவும் கறுப்பின மக்களின் பாடல்களே. அதுவரை பலர் கூடிப் பாடிய அப்பாடல்கள், ஒருவர் தனித்து நின்று பாடும் மேடைக் கச்சேரியின் முழுப் பொருளாயின. கூட்டத்தின் அடித்தளமாய் இருந்த குரல் கூட்டத்தின் வாயாயிற்று.

அவ்வாண்டிலேயே இசைத்தட்டுத் தொழிலிலும் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. கூம்புக்குழாயை நீக்கிவிட்டு, ஒலிவாங்கியும் மின்சாரமும் கொண்டு பதியும் முறை 1925இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு பதியாத தாழ்ந்த ஒலிகள் அதனால் தட்டில் பதிந்தன. உரக்கக் கத்தவேண்டிய தேவையும் ஒழிந்தது. அருகில் இருப்பவரிடம் பேசுவது போலப் பாடினாலும் ஆயிரம் இல்லங்களில் கேட்கும். ராப்சனும் அவ்வாண்டிலேயே இசைத்தட்டுக்குப் பாடத் தொடங்கினார். மந்தரக் குரலுக்கு உலகம் திறந்த கதவு ஒலிவாங்கி எனலாம்.

1927ஆம் ஆண்டின் இறுதியில் 'ஷோ போட்' என்னும் இசை நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியது. இசை ஜெரோம் கேர்ன். பாட்டு ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். அதில் மிசிசிப்பி ஆற்றின் துறையில் மூட்டை சுமக்கும் ஜோ என்பவன், ஆற்றை நோக்கிப் பாடும் பாட்டு ஒன்று வருகிறது. 'ஓல்ட் மேன் ரிவர்' என்பது அதன் பெயர். உழைப்பவன் துன்புறுகிறான், ஆறோ எதையும் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது அதன் கருத்து. அம்மெட்டு மந்தரத்தில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏறி, முடிவில்தான் உச்சத்தை எட்டுகிறது. ஒன்றரை ஸ்தாயிக்கும் மேற்பட்ட பரப்பு உடையது ஆதலால், பாடுவதற்கு எளியதன்று. 1928இல் லண்டன் மேடையிலும், 1932இல் நியூயார்க்கிலும், 1936இல் திரைப்படத்திலும் ராப்சன் அதனைப் பாடினார். பாட்டும் பாடகரும் பிரிக்க முடியாதவராயினர்.

அப்பாட்டை எழுதியவர்கள் வெள்ளையர். பாட்டில் வரும் உழைப்பாளி களைத்தவன், விதியை ஏற்றுக்கொண்டவன். நாளடைவில் ராப்சனுக்கு இது பொருந்தவில்லை. 1938ஐ ஒட்டிய காலந்தொட்டு, தம் கச்சேரிகளில் அவர் சொற்களை மாற்றிப் பாடலானார். களைப்பையும் மரண அச்சத்தையும் கூறிய இடத்தில், இறுதிவரை போராடும் உறுதியைக் கூறும் சொற்களை அமைத்தார். மெட்டு மாறவில்லை, குரலின் ஆழம் மாறவில்லை. ஆனால் அதுவரை ஆழமான பெருமூச்சாக இருந்தது ஆழமான உறுதியாயிற்று. உச்ச ஸ்தாயியில் ஒருவர் வீரம் பேசினால் அது அறைகூவலாகக் கேட்கும். மந்தரத்தில் பேசினால், நெடுநாள் எண்ணி முடிவு செய்துவிட்டவர் கூறும் சொல்லாகக் கேட்கும்.

ராப்சன் தம் மக்களின் பாட்டோடு நின்றுவிடவில்லை. பல மொழிகளைக் கற்று, அவ்வம்மொழி நாட்டுப்பாடல்களையும் பாடினார். உலகெங்கும் உள்ள நாட்டுப்பாடல்களில் ஐந்து சுரங்களால் ஆன அமைப்பு மீண்டும் மீண்டும் வருவதை அவர் சுட்டிக்காட்டினார். நமது மோகன ராகத்தில் வருவனவும் ஐந்து சுரங்கள்தாம். ஸ்பிரிச்சுவல் பாடல் ஒன்றை முதன்முறை கேட்கும் தமிழர்க்கு, அது முற்றிலும் அயலாகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

இனி, அக்குரலுக்கு நேர்ந்த சோதனையைக் கூறவேண்டும். நிறவேற்றுமையை ராப்சன் வெளிப்படையாகக் கண்டித்தார்; சோவியத் நாட்டையும் வெளிப்படையாகப் பாராட்டினார். அப்பாராட்டைப் பற்றி அன்றும் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் கம்யூனிச அச்சம் மிகுந்திருந்த காலம் அது. 1950இல் அரசாங்கம் அவருடைய பாஸ்போர்ட்டை நீக்கிவிட்டது. வெளிநாட்டில் பாட வழியில்லை. உள்நாட்டிலும் பெரிய அரங்குகளின் கதவுகள் அவருக்கு அடைக்கப்பட்டன.

1952இல் கனடா நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தார் அவரைப் பாட அழைத்தனர். அமெரிக்கர் கனடாவுக்குச் செல்லப் பாஸ்போர்ட் தேவையில்லாத காலம் அது. எனினும் எல்லையில் அவரைத் தடுத்துவிட்டனர். அவ்வாண்டு மே மாதம் 18ஆம் நாள், எல்லைக்கோட்டின்மேல் அமைந்த பீஸ் ஆர்ச் என்னும் அமைதி வளைவின் அருகே, அமெரிக்கப் பக்கத்தில் ஒரு லாரியின் தளத்தைக் கொண்டுவந்து நிறுத்தினர். அதன்மேல் நின்று ராப்சன் பாடினார். இரு பக்கத்திலும் ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று கேட்டனர். மனிதனைத் தடுத்த எல்லை குரலைத் தடுக்கவில்லை.

ராப்சனின் குரல் அமெரிக்க வானொலியில் அரிதாகிவிட்ட அந்நாளில், சுரங்கத் தொழிலாளியின் துயரத்தைக் கூறும் வேறொரு மந்தரக் குரல் அந்நாடெங்கும் ஒலித்தது. 1955இல் டென்னசி எர்னி ஃபோர்ட் என்னும் வெள்ளையர் 'சிக்ஸ்டீன் டன்ஸ்' என்ற பாட்டைப் பாடினார். கென்டக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனான மெர்ல் டிராவிஸ் சில ஆண்டுகளுக்கு முன்பே பதிந்த பாட்டு அது. அக்காலச் சுரங்க ஊர்கள் பலவற்றில் கூலியைக் காசாகக் கொடாமல், கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும் வில்லைகளாகக் கொடுப்பர். தொழிலாளி எவ்வளவு கரி வெட்டினாலும் கடைக் கடன் தீர்வதில்லை. அதுவே பாட்டின் பொருள். பக்க இசை மிகக் குறைவு. விரலைச் சொடுக்கும் ஓசையே தாளம். அந்த வெறுமையில் ஃபோர்டின் தாழ்ந்த குரல் தனித்து நிற்கிறது. இப்பாட்டை மேற்குரலில் பாடினால் முறையீடாகிவிடும். மந்தரத்தில் அது கணக்குப் புத்தகத்தைப் படிப்பது போல அமைகிறது; ஆகவே உண்மையென்று மனம் நம்புகிறது.

ராப்சனிடம் மீள்வோம். 1956ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், அட்லாண்டிக் மாகடலின் அடியில் இட்ட முதல் தொலைபேசிக் கம்பி திறக்கப்பட்டது. ஒரே வேளையில் 36 உரையாடல்கள் அதன் வழியே செல்லும். அடுத்த ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், லண்டன் நகரின் செயின்ட் பாங்கிராஸ் மண்டபத்தில் மக்கள் கூடினர். மேடையில் பாடகர் இல்லை. அவர் நியூயார்க்கில் நின்று பாடினார். கடலடிக் கம்பி அவர் குரலைக் கொண்டுவந்து ஒலிபெருக்கியில் சேர்த்தது.

அவ்வாண்டு அக்டோபரில் வேல்ஸ் நாட்டின் போர்த்கால் என்னும் கடற்கரை ஊரில் சுரங்கத் தொழிலாளரின் கலைவிழா நடந்தது. வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்களில் ஆடவர் மட்டும் கூடிப் பாடும் பாடற்குழுக்கள் பெயர் பெற்றவை. பகலெல்லாம் நிலத்தின் அடியில் உழைத்தவர்கள், மாலையில் இரு மேற்குரலும் இரு கீழ்க்குரலுமாகப் பிரிந்து நின்று பாடுவர். 1940இல் வந்த 'தி பிரவுட் வேலி' என்னும் திரைப்படத்தில் ராப்சன் அவர்களிடையே வந்து பாடும் தொழிலாளியாக நடித்திருந்தார். ஆகவே அவரைத் தம்முள் ஒருவராகவே அவர்கள் கருதினர். போர்த்காலில் ஏறத்தாழ 5,000 பேர் கூடியிருக்க, அதே கடலடிக் கம்பியின் வழியே ராப்சன் பாடினார். டிரியோர்க்கி ஊர்ப் பாடற்குழுவினர் அவருக்காகப் பாடினர். பின்னர் அவையோர் அனைவரும் சேர்ந்து, கடலுக்கு அப்பால் இருந்தவர் கேட்கும்படி பாடினர்.

நேயர்களே, இங்கே அறிவியல் உண்மை ஒன்றைக் கூற விரும்புகிறேன். சாதாரணத் தொலைபேசி, வினாடிக்கு 300 அதிர்வுகளுக்குக் குறைந்த ஒலியைப் பெரும்பாலும் கடத்துவதில்லை. சிறிய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியும் மிகத் தாழ்ந்த ஒலிகளை எழுப்ப வல்லதன்று. அப்படியானால், 80 அதிர்வுகள் உடைய பாஸ் சுரம் அவற்றில் கேட்கவே கூடாதல்லவா? ஆனால் கேட்கிறது! எப்படி?

ஒருவர் 80 அதிர்வில் பாடும்போது அந்த ஒலி மட்டும் எழுவதில்லை. அதன் இரட்டிப்பாகிய 160, மும்மடங்காகிய 240, மேலும் 320, 400, 480 என்னும் துணை ஒலிகளும் உடன் எழுகின்றன. அடிப்படை ஒலி வழியில் தடைப்பட்டாலும் மேல் உள்ள துணை ஒலிகள் வந்து சேர்கின்றன. அவை ஒன்றுக்கொன்று 80 அதிர்வு இடைவெளியில் நிற்பதை நம் செவியும் மூளையும் உணர்ந்து, வாராத அடிப்படையைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. வந்து சேராத மந்தரத்தை நாம் உண்மையாகவே கேட்கிறோம். பாடுபவர் பாதி, கேட்பவர் பாதி.

ராப்சன் மேடையில் இல்லாமலே பாடிய அந்த 1957ஆம் ஆண்டை நினைக்கும்போதெல்லாம் இவ்வுண்மையும் என் நினைவிற்கு வருகிறது. அடுத்த ஆண்டு ஜூன் 16ஆம் நாள், கருத்து வேற்றுமை காரணமாகக் குடிமகன் ஒருவனுக்குப் பாஸ்போர்ட் மறுக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று, வேறொருவர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராப்சனுக்கும் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. 1958இல் அவருடைய 60ஆம் பிறந்த நாள் இந்தியாவிலும் கொண்டாடப்பட்டது. பிரதமர் ஜவாஹர்லால் நேரு அவரைப் பாராட்டி அறிக்கை விடுத்தார். 1976ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ராப்சன் காலமானார்.

அவர் பாடிய ஆற்றுப்பாட்டு நம் நாட்டு ஆறு ஒன்றிலும் கலந்த வரலாறு உண்டு. அசாமில் பிறந்து, சிறிது காலம் வானொலியிலும் பணியாற்றிய பூபென் ஹஜாரிகா, 1949இல் மேற்படிப்புக்காக நியூயார்க் சென்றார். ராப்சன் பயின்ற அதே கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1952இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே ராப்சனைச் சந்தித்தார். பாட்டு என்பது மக்களுக்காக எழும் குரல் என்னும் கொள்கையை அவரிடம் கண்டார். தாயகம் திரும்பியபின், மிசிசிப்பிப் பாட்டின் கருத்தை உட்கொண்டு அசாமிய மொழியில் பாட்டொன்று இயற்றினார். இரு கரையிலும் மக்கள் துன்புறுவதைக் கண்டும், நீ ஏன் வாளாவிருக்கிறாய் என்று பிரம்மபுத்திராவை நோக்கி வினவும் பாட்டு அது. வங்க மொழியிலும் இந்தியிலும் அதனைப் பாடியபோது பிரம்மபுத்திராவின் இடத்தில் கங்கை வந்தது.

குவாஹாத்தியிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் தமிழ் மக்கள் இப்பாட்டைப் பன்முறை கேட்டிருப்பீர்கள். ஹஜாரிகாவின் குரல் ராப்சனின் குரலைப் போல அத்துணைத் தாழ்ந்ததன்று. எனினும் கனமும் நிதானமும் உடையது. பாட்டைத் தொடங்கும்போது அவர் அவசரப்படுவதில்லை. ஆற்றங்கரையில் வந்து அமர்ந்து, நீரைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குபவர் போலத் தொடங்குகிறார். 2011இல் அவர் மறைந்தார். 2019இல் அவருக்குப் பாரத ரத்தினா விருது அளிக்கப்பட்டது. அவர் பிறந்த சதியா அருகே, லோகித் ஆற்றின்மேல் 9 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, 2017இல் திறக்கப்பட்ட பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏன் வாளாவிருக்கிறாய் என்று ஆற்றைக் கேட்டவரின் பெயர் ஆற்றின்மேலேயே அமைந்தது பொருத்தமன்றோ?

ஓர் ஊரை விட்டு வேறோர் ஊரில் வந்து உழைப்பவரின் வாழ்வும் பெரும்பாலும் பாஸ் குரலைப் போன்றதே. நகரின் மெட்டை வேறு யாரோ பாடுவர். ஆலையையும், அலுவலகத்தையும், மருத்துவமனையையும், புகைவண்டி நிலையத்தையும் தாங்கும் குரல்களோ பல ஊரிலிருந்தும் வந்தவை. தனியே யாரும் அவற்றைக் கேட்பதில்லை, நின்றுவிட்டால் உணர்வர். அவர்கள் என்றென்றும் தாங்கி நிற்கத்தான் வேண்டும் என்று நான் கூறவில்லை. மந்தரக் குரலுக்கும் மெட்டைப் பாடும் உரிமை உண்டு என்பதே ராப்சனின் வாழ்க்கை நமக்குக் கூறுவது.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்த மொழியில், எந்த நாட்டுப் பாட்டைக் கேட்டாலும், முதன்முறை மெட்டைக் கேளுங்கள். இரண்டாம் முறை, அதன் அடியில் ஒலிக்கும் குரல் எது என்று செவியை இறக்கித் தேடுங்கள். பஜனைக் கூட்டமாயினும், தேவாலயப் பாடற்குழுவாயினும், திரைப்பாட்டின் பின்னணிக் குரலாயினும், எங்கோ ஒருவர் கீழே நின்று அனைவரையும் தாங்குவார். அவர் குரல் பிடிபட்டபின், அப்பாட்டு முன்போல ஒலிக்காது, அகன்று ஒலிக்கும்.

நம் முன்னோர் அதற்கு மெலிவு என்று பெயரிட்டனர். மெல்ல ஒலிப்பது என்பது அதன் பொருள். வலியற்றது என்பது பொருளன்று.